அப்பாவுக்கு ஓர் இலை

தீபாவளிக்கு முதல் நாள் மாலை அம்மா வீட்டில் இருக்கக் கூடாது. அந்த வருடம் நான் எழுதிய திட்டத்தின் முதல் வரி அதுதான். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே கூட்டிப்போவது, எத்தனை மணிக்கு முன்னால் திரும்பக் கூடாது, வழியில் அம்மா என்னென்ன கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது எல்லாம் அதற்குக் கீழே வந்தன. மூன்று வாரமாக அந்தத் தாளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். திருத்தத் திருத்த நிம்மதி குறைந்ததே தவிரக் கூடவில்லை.

சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். ஒரு பொருள் எங்கே, எதனால் பழுதாகும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் வேலை. அந்தப் பழக்கம் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. சமையலறை ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அம்மாவின் மாத்திரை நேரம், குளிக்க மறுத்தால் என்ன செய்வது, அடுப்பை மூட வேண்டிய முறை, திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள், பதில்கள். தம்பி அதற்கு முன்னால் நின்று கைகட்டி, "மேடம், இன்னைக்கு நான் மூச்சு விடலாமா? எத்தனாவது நம்பர்ல இருக்கு?" என்பான்.

அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி மூன்று வருடம். அப்பா இறந்து ஒன்றரை வருடம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எங்கள் வீட்டுச் சிக்கல் விளங்கும். அப்பாவின் காரியம் முழுக்க அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழுதார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பத்து நாள் கழிந்ததும், "உங்கப்பா ஏன் இன்னும் வரல? ஓவர்டைமா?" என்று கேட்டார்.

ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னோம். முதல் மூன்று மாதத்தில் பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. ஒருமுறை சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, "என்கிட்ட ஏன் யாருமே சொல்லல? நான் அவரோட மொகத்தக்கூடப் பாக்கலியே," என்று கேட்டார். பன்னிரண்டாவது தடவைக்கு என்னால் முடியவில்லை. அன்றைக்குத்தான் தாளில் அந்த வரியைச் சேர்த்தேன். அப்பா எங்கே என்று கேட்டால்: ஷிப்டுக்குப் போயிருக்கிறார்.

அப்பா துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஷிப்ட் என்றால் அம்மாவுக்குப் போதும். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. தினமும் மாலை ஐந்தரைக்கு அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. சமையலறைக்கும் வாசல் கேட்டுக்கும் நடப்பார். இரவில் கேட்டைப் பூட்டப் போனால் கையைத் தட்டிவிடுவார். "அவரு வராம பூட்டுவாங்களா?" அம்மா தூங்கிய பிறகு தம்பி பூனை மாதிரி போய்ப் பூட்டுவான். அப்பாவின் படம் என் அலமாரியில், சான்றிதழ்க் கோப்புகளுக்கு அடியில் இருந்தது.

இப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை போன் செய்தார். அப்பாவின் அக்கா. சுங்கை வேயில் என் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் பழைய ஃபிளாட்டில் குடியிருக்கிறார்.

"என் தம்பிக்கு மொதப் படையல் இது. போன வருஷம் துக்கம், எண்ணெய்ச் சட்டியே வைக்கல. இந்த வருஷமும் இல்லேன்னா அவன் கேட்டுக்கு வெளிய நின்னுட்டுப் போயிருவான்டி."

"மாலை போட்ட படத்த அம்மா பாத்தாங்கன்னா மறுபடியும் முதல்லேருந்து அழணும் அத்தை."

"அப்ப உங்கம்மாவுக்காக என் தம்பி பட்டினி கெடக்கணுமா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"நீ எங்க சொல்லுவ, எழுதியில்ல வைப்ப. உன் லிஸ்ட்டுல என் தம்பி எத்தனாவது நம்பரு, அதச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பு இல்லை. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்கு உரியது. தாத்தா, பாட்டி படங்களுக்கு முன்னால் இலை விரித்து, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, புதுத்துணி வைத்து, சாம்பிராணி போடுவோம். பிறகு வீட்டில் இருக்கும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். கால்மணி நேரம் காத்திருந்து, மூன்று முறை கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். கதவைத் தட்டுவது மட்டும் எப்போதும் அம்மா. சின்ன வயதில் நானும் தம்பியும் கதவில் காதை வைத்துக் கேட்போம். மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நான் மூன்றரைக்கு அம்மாவைத் தலைநகரிலுள்ள பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவது. அம்மா பிறந்து வளர்ந்தது அங்கே ரயில்வே குவாட்டர்ஸில். பழைய நினைவுகள் இன்னும் உறுதியாக இருப்பதால் அந்த வட்டாரத்தில் அவர் கொஞ்சம் அமைதியாக இருப்பார். நாங்கள் போனதும் அத்தை சமைத்ததைக் கொண்டுவந்து, ஆறரைக்குத் தம்பியோடு சேர்ந்து மூன்று இலை போட்டு, ஏழரைக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நானும் அம்மாவும் எட்டு மணிக்குத் திரும்புவது. அப்பாவின் படம் எங்கிருந்து வந்து எங்கே திரும்பப் போக வேண்டும் என்பது வரை எழுதியிருந்தேன். கதவைச் சாத்துவதை எழுதவில்லை. அதில் பழுதாக என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

போகும் வழியெல்லாம் அம்மா சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். கார் கத்தும். நான் மாட்டுவேன். "கேஸ மூடினியா?" "மூடிட்டேன்மா." ஷா ஆலம் தாண்டுவதற்குள் ஏழு தடவை. பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அம்மா அதே உயரமான கட்டடத்தைக் காட்டி, "இதுக்குப் பின்னாலதான் எங்க வீடு. தண்ணிக் குழா வாசல்லயே இருக்கும்," என்றார். முகம் தெளிந்திருந்தது. திட்டம் வேலை செய்கிறது என்று நான் மனதுக்குள் பட்டியலில் சரிக் குறி போட்டுக்கொண்டேன்.

நடைபாதை முழுக்கக் கூட்டம். ஒரு கடையின் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையின் பாட்டு மேலே ஏறி விழுந்தது. அம்மா என் கையை விட்டுவிட்டு நடந்தார், நான் பிடித்தேன், மறுபடியும் விட்டார். சேலைக் கடையில் ஒரு பச்சைச் சேலையை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தார். அதே மாதிரி இரண்டு வீட்டில் இருக்கின்றன. சரி என்று வாங்கிக்கொண்டேன். மணி நாலே முக்கால்தான் ஆகியிருந்தது. இன்னும் எவ்வளவோ நேரத்தை ஓட்ட வேண்டும். பூக்கடைக்குப் போனோம்.

பூக்காரம்மா மல்லியை அளந்துகொண்டே, "என்னக்கா, நாளைக்குத் தீபாவளி, இவ்ளோ நிதானமா வர்றீங்க? பலகாரமெல்லாம் ஆச்சா?" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கா பாப்பா?"

அந்த ஒரு நொடியில் என்னால் பொய் சொல்லியிருக்க முடியும். ஆனால் கிழமை, நாள், மாதம் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கிறது. மருத்துவர் சொன்னது. என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "ஆமாம்மா."

"அப்ப இன்னைக்குப் படையல்! மணி என்ன? என்ன எதுக்கு இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்க? சோறு ஆக்கல, எல வாங்கல..." பூக்காரம்மாவிடம், "மால இருக்கா? மாமியாருக்கும் மாமனாருக்கும் போடணும்," என்றார்.

"மூணு இருக்குக்கா. மூணையும் எடுத்துக்குங்க லா, நானும் கடைய மூடிட்டு வீட்டுக்குப் போவேன்."

"மூணு எதுக்கு? எங்க வீட்டுல ரெண்டு படம்தான்."

"ரெண்டு போதும்க்கா," என்றேன். பணத்தை எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு அம்மாவை நிறுத்த முடியவில்லை. எங்கள் காருக்குப் பதிலாக வேறு யாருடைய காரின் கதவையோ இழுத்தார். தேநீர் குடிக்கலாமா என்றேன். "உனக்கு மண்டையில ஒண்ணுமில்லியா? மாமியார் பசியோட வந்து நிப்பாங்க," என்றார். ஏறி உட்கார்ந்து, இரண்டு மாலைகளையும் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். நகரத்தை விட்டு வெளியேறவே முக்கால் மணி நேரம் ஆனது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான் போகிற வண்டிகள் எல்லாம் வால் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. "ஓட்டு. ஓட்டேன்." "முன்னால வண்டி நிக்குதும்மா." "நீ ஹாரன் அடி."

சாலை முற்றிலும் நின்ற ஓர் இடத்தில் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். 'அம்மாவோட வந்துட்டு இருக்கோம். அப்பா படத்தை எடுத்து என் அலமாரில வச்சிடு. மூணாவது இலையையும் எடுத்துடு.' போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வந்தது. படித்ததற்கானது வரவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு நான்கு தடவை அழைத்தேன். அத்தைக்கு இரண்டு தடவை. மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. என் வேலையில் ஓர் இயந்திரம் பதில் தராவிட்டால் எந்த இணைப்பு விட்டுப்போனது என்று வரிசையாகத் தேடுவேன். அன்றைக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எல்லா இணைப்பையும் யோசித்துவிட்டேன். பேட்டரி. நெட்வொர்க். அத்தை போனைப் பிடுங்கியிருக்கலாம். கடைசியாக யோசித்தது கிட்டத்தட்டச் சரி.

வீட்டுக்கு வந்தபோது ஆறே முக்காலுக்கு மேல். கார் நிறுத்தும் இடத்தில் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கதவு சாத்தியிருந்தது. சாம்பிராணி வாசம் கேட் வரைக்கும் வந்தது. எங்கள் காரைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

நான் முதலில் ஓடினேன். "போன் எங்கடா?"

"உள்ள."

"ஆறு தடவ அடிச்சேன்!"

"கடைசியா அடிச்சது மட்டும் கேட்டுச்சுக்கா, கதவச் சாத்துனப்புறம். எடுக்கப் போனேன். அத்தை சட்டையப் புடிச்சு இழுத்துட்டாங்க."

"சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப உள்ள போவாங்களாடா?" என்றார் அத்தை, குரலை அடக்கி.

"அத்தை, ஒரே நிமிஷம். படத்த மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்."

"கதவத் தொட்டுப் பாரு."

பின்பக்கக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சந்து வழியாகப் போய்ச் சமையலறை ஜன்னலில் கையை விட்டால் தாழ் எட்டுமா என்று கணக்குப் போட்டேன். எட்டாது. மின்சாரத்தை அணைத்துவிட்டால் இருட்டில் படம் தெரியாது, ஆனால் குத்துவிளக்கு எரிகிறது. அதற்குள் அம்மா மாலைகளோடு இறங்கி வந்துவிட்டார். சாத்திய கதவைப் பார்த்ததும் நின்றார். காலையிலிருந்து ஓரிடத்தில் நிற்காத அம்மா அப்படியே நின்றார்.

"அண்ணி, போட்டாச்சா? எவ்ளோ நேரமாச்சு?"

"அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா."

"அப்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கு." எங்கள் இருவர் பக்கமும் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதீங்க."

அந்தப் பத்து நிமிடத்தில் நான் எத்தனை தடவை கேட்டுக்குப் போய்த் திரும்பினேன் என்று தெரியாது. அம்மா அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் பட்டாசு கொளுத்தினார்கள். அதற்கும் அவர் திரும்பவில்லை. ஒரே ஒரு முறை மெதுவாகக் கேட்டார்: "உங்கப்பா வரலியா? படையலுக்கு லீவு போட்டுருவாரே."

"ஷிப்டும்மா," என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். மூன்று வாரமாக அவர் வாயில் இருந்த வாக்கியம்தான். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வந்துருவான்மா," என்றார்.

அம்மா மூன்று முறை தட்டினார். கதவைத் திறந்தார்.

சுவரோரமாக மூன்று படங்கள், மூன்று இலைகள். பாட்டிக்கு அதிரசமும் வெற்றிலையும். தாத்தாவுக்கு ஆட்டுக்கறி, சுருட்டு. மூன்றாவது இலைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பீர் பாட்டில், மஞ்சள் தடவிய புதுச்சட்டை, இலை நிறைய நண்டு. அதற்குப் பின்னால், வேலைச் சட்டையில் சிரிக்கும் அப்பா, கழுத்தில் மாலையோடு. நான் அம்மாவுக்குப் பின்னால் ஒட்டி நின்றேன். விழுந்தால் பிடிக்க இரண்டு கைகளையும் தயாராக வைத்திருந்தேன். 'என்கிட்ட ஏன் யாருமே சொல்லல' என்ற குரலுக்காகக் காத்திருந்தேன்.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். என்ன பார்த்தார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு கண்ணை இறக்கி இலையைப் பார்த்தார்.

"யாரு வச்சது இத? நண்ட முழுசா வச்சிருக்கீங்க?"

அத்தை இலைக்கு அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"அவரு எப்படித் திம்பாரு?" மாலைகளை என் கையில் திணித்துவிட்டு இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பாப்பா, அந்த சின்ன உலக்கைய எடுத்துட்டு வா."

எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது கிடங்கில் சரக்குப் பலகை சரிந்து அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அதற்குப் பிறகு நண்டு சமைக்கிற நாளெல்லாம் அம்மாதான் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து அவர் தட்டில் வைப்பார். எங்கள் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை.

அம்மா ஒவ்வொரு காலாக உடைத்தார். சதையை எடுத்து இலையின் ஓரத்தில் சின்னக் குவியலாக வைத்தார். ஓட்டுத் துண்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். "என்ன அண்ணி, கூடப் பொறந்தவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா," என்றார் அத்தை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மறந்துட்டேன்." பிறகு அவரும் ஒரு நண்டை எடுத்துக்கொண்டார். இருவரும் முடிக்கும் வரைக்கும் நாங்கள் நின்றோம். அம்மா எழுந்து தாத்தா, பாட்டி படங்களுக்கு மாலையைப் போட்டுவிட்டு, கை கழுவப் போனார்.

அதற்கப்புறம் நாங்கள் சாப்பிட்டோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வரும், இப்போது வரும் என்று. தம்பி, "அக்கா, அம்மாவ விட்டுட்டுச் சோத்தப் பாரு," என்றான். அம்மா பாதியில் எழுந்து கேட் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். மூன்றாவது தடவை திரும்பியவர், ஐஸ்பெட்டிக்கு முன்னால், அந்தத் தாளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

"உங்கப்பா சாப்பிட்டாரா?"

தாளில் அதற்குப் பதில் இருந்தது. ஷிப்டில் சாப்பிட்டிருப்பார். ஒரு வருடத்துக்கும் மேலாக அதைத் தடுமாறாமல் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு நான் திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் மூன்றாவது இலை இன்னும் விரித்தபடி இருந்தது.

"சாப்பிட்டாரும்மா. நண்டு."

"காரம் கூடன்னு சொன்னாரா?"

அத்தைதான் சொன்னார். "சரியா இருந்துச்சும்மா."

"சரி," என்றார் அம்மா. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "அப்ப கேட்டப் பூட்டிரு."

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தீபாவளி காலையில் தலைக்கு எண்ணெய் வைக்க விடாமல் அம்மா என் கையைக் கடித்தார். அடுத்த வாரம் ஒரு மாலை, "சாப்பிட்டாரும்மா" என்று நான் சொன்னதற்கு, "எப்போ? எங்கே? நான் பாக்கலியே," என்று விடாமல் கேட்டு அழுதார். சில நாள் அந்தப் பதில் போதுமானதாக இருக்கிறது. சில நாள் இல்லை. எந்த நாளில் எது என்று கண்டுபிடிக்கக் குறித்துவைத்துப் பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை. படத்தை மட்டும் நான் அலமாரிக்குள் திரும்ப வைக்கவில்லை. தாத்தாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா தினமும் அதைக் கடந்து நடக்கிறார்.

படையலன்று, அம்மா பூட்டச் சொன்னதும் நான் எழுந்து போனேன். எட்டு மணிகூட ஆகவில்லை. தெருவெங்கும் விளக்கு. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டைப் பூட்டினேன். அம்மா வாசற்படியில் நின்று, பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா விழித்திருக்கும்போது அதை எங்கே மாட்டிவைப்பது என்று தாளில் எழுதியிருக்கவில்லை.